ஓநாய்க்கு ஓர் அடிக்குறிப்பு

இறந்துபோவது தேர்வைத் தள்ளிவைக்கப் போதுமான காரணம் அல்ல என்று பல்கலைக்கழகம் எனக்குத் தெரிவித்தது. மரியாதையாகத்தான் தெரிவித்தது. போதுமான காரணங்கள் விதிப்புத்தகத்தில் இருக்கின்றன: நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காருவது, பிரசவம், பனிப்புயல். டெக்சாஸின் இந்தப் பக்கத்தில் பனிப்புயல் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் விதியில் அதற்கு இடம் உண்டு. மரணத்துக்கு இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

தேர்வு என் மனைவி தாமரைச்செல்விக்கு. 1997 பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஏப்ரலில் அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டை எழுதி, கறுப்பு அட்டை போட்டுக் கொடுத்துவிட்டாள். மூன்று பேராசிரியர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது மட்டும்தான் பாக்கி.

நான் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிபோன் கம்பெனியில் எஞ்சினியர். இணைப்புகளைச் சோதிக்கிற வேலை. கூப்பிட்டால் மணி அடிக்கிறதா, எடுத்தால் குரல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தாமரை படித்தது இடைக்காலப் பிரெஞ்சு வீரக்கதைகளில் வரும் ஓநாய் மனிதர்களைப் பற்றி. அந்தக் கதைகளின் ஓநாய் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரைக் கடித்துக் குதறுகிற ஓநாய் இல்லை. அது ஒரு கனவான். பெரும்பாலும் பிரபு. ஏதோ ஒரு காரணத்தால் ஓநாயாகிவிடுவார். திரும்பி மனிதனாக முடியாமல் யாராவது தடுத்துவிடுவார்கள். அந்த யாராவது பல கதைகளில் மனைவி.

தாமரை எடுத்துக்கொண்டது யாரும் அதிகம் தொடாத ஒரு சின்னக் கதை. ஒரு பிரபு ஆற்றைக் கடக்கக் காலணிகளைக் கழற்றுகிறார். ஓநாயாகிவிடுகிறார். அவருடைய மனைவி காலணிகளை எடுத்துப்போய் எங்கோ புதைத்துவிடுகிறாள். ஓநாய் தினமும் சாயங்காலம் தன் வீட்டு முற்றத்தின் ஓரத்தில் வந்து உட்காருகிறது. கல்லால் அடிக்கிறார்கள். மறுநாளும் வருகிறது. மழை பெய்கிற ஒரு நாள் சமையல்காரி பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஓநாய் உள்ளே போய் அடுப்பு ஓரத்தில் படுத்துக்கொள்கிறது. காலையில் பார்த்தால் அங்கே பிரபு தூங்கிக்கொண்டிருக்கிறார். கதை முடிந்தது.

தாமரை தன் ஆய்வேட்டின் கடைசி வாக்கியமாக இப்படி எழுதியிருந்தாள்: "கதவு திறந்திருந்தது, அது வீட்டுக்குள் போனது, இதில் வேறொன்றும் ஒளிந்திருக்கவில்லை."

இதுதான் சிக்கல்.

அந்தத் துறையில் பட்டம் வாங்க வேண்டுமானால் ஒரு மறைபொருளையாவது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஓநாய்க் கதைகளின் மறைபொருள்கள் ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்டுவிட்டன. துறைத் தாழ்வாரத்தில் கார் நிறுத்த இடம் ஒதுக்குவதுபோல் ஒரு பலகை உண்டு. ஓநாயின் வால் பேராசிரியர் ஹெங்கலுக்கு. பற்கள், நாக்கு, எச்சில் மேடம் தெலோர்முக்கு. துறைத் தலைவர் விட்லாக்கிடம் முழு ஓநாயும் இருந்தது, முன்னங்கால்கள் நீங்கலாக. முன்னங்கால்களை ஓய்வுபெற்ற ஒருவர் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்.

"கதவோட கீல் காலியா இருக்காம், மகி," என்று ஒரு நாள் தாமரை வந்து சொன்னாள். "எடுத்துக்கறியான்னு விட்லாக் கேக்கறாரு. நல்ல லொகேஷனாம்."

"எடுத்துக்கோ. சீக்கிரம் முடிச்சுடலாம்."

"கீல்ல என்ன இருக்கு? எண்ணெய் இருக்கும்." ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அது வீட்டுக்குப் போச்சு, மகி. அவ்ளோதான். அந்த ஒரு லைனை மட்டும் நான் மாத்தவே மாட்டேன்."

அவள் அப்பா கிட்டுசாமி உடுமலைப்பேட்டையில் இருக்கிறார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாப்ள, பாப்பா படிச்சு முடிச்சிருச்சுங்களே. பரீட்ச மட்டுந்தானுங்களே பாக்கி? அத நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

"எப்படிங்க மாமா?"

"எனக்குத் தெரியாதுங்க. நீங்க எஞ்சினியருங்க."

ஆகவே இரண்டு காரியங்கள் எனக்கு இருந்தன. பட்டம் வாங்க வேண்டும். அந்த வாக்கியத்தை மாற்றவிடக் கூடாது.

தேர்வுக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது: சிற்றுண்டி கொண்டுவருவது மாணவரின் பொறுப்பு. அது அங்கே மரபு. கீழ்வீட்டுப் பர்வதம் ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் தன் மகன் நவநீத்தோடு இருக்கிறார். என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் உண்டு. நான் ஆபீஸ் போன பிறகு வந்து ஃபிரிட்ஜில் எதையாவது வைத்துவிட்டுப் போவார்.

"செத்துப்போனவளுக்குப் பரீட்சை, அதுக்கு டிபன் வேறயா?" என்றார் ஆன்ட்டி. "இந்த ஊர்ல எல்லாம் இருக்கும்டா. தேங்குழல் பண்ணித் தரேன். கரகரன்னு இருந்தா கேள்வி கொறைச்சலா கேப்பா."

ஒரு டப்பா நிறையக் கொடுத்தார்.

தேர்வு அறையில் நீள மேஜை. நடுவில் ஸ்பீக்கர் போன். மூவரும் எழுந்து என் கையைப் பிடித்துத் தங்கள் துக்கத்தைத் தெரிவித்தார்கள். பிறகு டப்பாவைப் பார்த்தார்கள்.

"சிற்றுண்டி வந்துவிட்டது," என்றார் விட்லாக். உயரமான மனிதர், கழுத்தில் போ டை. "எனவே மாணவர் தேர்வை எதிர்கொள்ளும் எண்ணத்தோடு இருக்கிறார் என்று பதிவு செய்கிறேன். ஆனால் மாணவர் நேரில் இல்லை. நேரில் வர முடியாதவர் தொலைபேசி வழியாகப் பங்கேற்கலாம். ஒரே நிபந்தனை, அவர் மாநிலத்துக்கு வெளியே இருக்க வேண்டும்." என்னைப் பார்த்தார். "அவர் மாநிலத்துக்கு வெளியேதானே இருக்கிறார்?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

கோப்பில் இருந்த எண்ணை அழைத்தார். என் வீட்டு எண். நான்கு முறை மணி அடித்ததும் ஆன்சரிங் மெஷின் எடுத்தது. தாமரையின் குரல் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொன்னது: "தாமரை பேசறேன். நாங்க இப்ப வீட்ல இல்ல. சத்தம் வந்ததுக்கு அப்புறம் சொல்லுங்க. நாங்களே கூப்பிடறோம்."

பிப்ரவரிக்குப் பிறகு அந்த மெஷினை நான் தொடவில்லை. அந்தக் குரலை அழிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

 விட்லாக் மூச்சை இழுத்துவிட்டார்.

"'நாங்கள் வீட்டில் இல்லை.' ஓநாய் மனிதனின் முழுத் துயரமும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது."

"அது ஆன்சரிங் மெஷின்," என்றேன்.

"விதியில் 'தொலைபேசி வழியாக மாணவரின் குரல்' என்று இருக்கிறது. இது மாணவரின் குரல்தானே?"

"ஆமாம்."

"அப்படியானால் வந்திருக்கிறார்."

மேடம் தெலோர்ம் தேங்குழலைக் கீழே வைத்தார். "ஒருமையில் தொடங்கிப் பன்மைக்குப் போனதைக் கவனித்தீர்களா? ஓர் உடலில் இருவர். பிறகு அந்தப் பழைய தெற்கத்திப் பிரெஞ்சு. இவ்வளவு சுத்தமான உச்சரிப்பை நான் பாரிஸில்கூடக் கேட்டதில்லை."

"அது தமிழ்," என்றேன்.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார்.

முதல் கேள்வி அவருடையது. அடுப்பு என்பது கருப்பைதானே; அப்படியானால் ஓநாய் அதன் உள்ளே போகாமல் ஓரத்தில் படுத்ததை மாணவர் எப்படி விளக்குவார்? கேள்வியைக் கேட்டு முடிக்க அவருக்கு மெஷின் கொடுத்த நேரம் போதவில்லை. பாதியில் சத்தம் வந்து இணைப்பு துண்டித்துக்கொண்டது.

"என்னை நிறுத்திவிட்டாள்," என்றார் மேடம். கன்னம் சிவந்திருந்தது. "இதுவரை எந்த மாணவருக்கும் அந்தத் துணிச்சல் வந்ததில்லை."

மறுபடி அழைத்தார்கள். நாங்க இப்ப வீட்ல இல்ல.

"நிலைப்பாட்டை மாற்றவில்லை," என்று விட்லாக் குறித்துக்கொண்டார்.

ஹெங்கல் ஒல்லியானவர். எல்லாக் கதைகளிலும் வரி வசூலைக் கண்டுபிடிப்பவர். அந்தக் காலத்தில் அடுப்புக்கு வரி இருந்தது. ஓநாய்க்கு வரி கிடையாது. ஆகவே ஓநாயாக மாறியது வரி ஏய்ப்பு, திரும்பி வந்தது சமரசம் என்பது அவர் வாதம். அவரும் பாதியில் நிறுத்தப்பட்டார். மறுபடி அழைத்தார்கள். சத்தம் வந்ததுக்கு அப்புறம் சொல்லுங்க.

"சத்தம்!" என்றார் ஹெங்கல். "வசூல் செய்பவன் தட்டுகிற கதவுச் சத்தம். எனக்குப் பதில் சொல்லிவிட்டாள்."

இப்படியே போயிற்று. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழைப்பதை என் வேலையில் சோதனை என்போம். இணைப்பில் குறை ஒன்றும் இல்லை. தேங்குழல் கடிபடுகிற சத்தத்துக்கு நடுவே அவள் குரல் தெளிவாகக் கேட்டது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் தன் காரைத் தேடிக்கொண்டிருந்தார்.

டப்பா பாதி காலியானதும் விட்லாக் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இனி கடைசி வாக்கியம். 'வேறொன்றும் ஒளிந்திருக்கவில்லை.' இதை நாங்கள் ஏற்க முடியாது."

"ஏன்?" என்று கேட்டேன்.

"இளைஞரே, நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள், அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்றால் படிக்கிற எல்லோருக்கும் கதை புரிந்துவிடும். எல்லோருக்கும் புரிந்துவிட்டால் துறை எதற்கு? துறை இல்லாவிட்டால் இந்தத் தளம் வணிக நிர்வாகத்துக்காரர்களுக்குப் போய்விடும். அவர்கள் ஏற்கெனவே வந்து ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓநாய் வெறுமனே வீட்டுக்குப் போய்விட்டால் நாங்கள் எங்கே போவது?"

மற்ற இருவரும் மேஜையைப் பார்த்தார்கள்.

"அவள் அதை மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்," என்றேன்.

"மாற்ற வேண்டியதில்லை. ஓர் அடிக்குறிப்பு சேர்த்தால் போதும்." முன்பே எழுதி வைத்திருந்ததைப் படித்தார். "'ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று ஆய்வாளர் கூறுவது, அது மிக ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்பதையே குறிக்கிறது.' மாணவர் ஒப்புக்கொண்டால் இன்றே பட்டம். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆய்வேடு நிராகரிக்கப்படும். அவரையே கேட்டுவிடுவோம்."

எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. மெஷின் எடுத்தது. தாமரை சொல்லி முடித்ததும் விட்லாக் போனை நோக்கிக் குனிந்தார்.

"நான் துறைத் தலைவர் விட்லாக். மிக முக்கியமான அதிகாரபூர்வ விஷயம். உங்கள் சம்மதம் உடனடியாகத் தேவை."

டக் என்று ஒரு சத்தம். யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ?" என்றது பர்வதம் ஆன்ட்டியின் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் ஃபிரிட்ஜ் கதவு மூடுகிற சத்தம். "யெஸ், யெஸ், சார்?"

ஆன்ட்டிக்கு கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. மனு போட்டுக் காத்திருக்கிறார். அது வருகிற வரைக்கும் எந்த வெள்ளைக்காரர் போனில் எதைக் கேட்டாலும் யெஸ் சொல்லிவிட வேண்டும் என்று நவநீத் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தான். எதிர்த்துப் பேசினால் மனுவைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம்.

விட்லாக்கின் முகம் மலர்ந்தது. "அடிக்குறிப்பைப் படிக்கிறேன்," என்று படித்தார். "இதற்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா?"

"யெஸ், யெஸ். வெரி கரெக்ட், சார்."

"ஓநாய் திரும்பி வந்ததில் ஆழமான பொருள் உண்டுதானே?"

"யெஸ், சார். வெரி டீப், சார்."

"அடுப்பு கருப்பைதானே?" என்றார் மேடம் தெலோர்ம் அவசரமாக.

"யெஸ், மேடம்."

"வரி?" என்றார் ஹெங்கல்.

"எல்லாம் கட்டியாச்சு, சார். மை சன் இஸ் பேயிங் எவ்ரி இயர்."

நான் எழுந்துவிட்டேன். "ஆன்ட்டி, நான் மகிழன். போனை வைங்க."

"நீ சும்மா இருடா," என்று தமிழில் அதட்டினார் ஆன்ட்டி. "ஆபீசர் பேசிண்டிருக்கார், நடுவுல வராதே. யெஸ், சார்?"

"பதிவுக்காக உங்கள் முழுப் பெயர்?" என்றார் விட்லாக்.

ஆன்ட்டி இதற்குத் தயாராக இருந்தார். பர்வதம் வெங்கடகிருஷ்ணன் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பிறந்த தேதி, பிறந்த ஊர், தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னார். "தேங்க்யூ, சார், காட் பிளஸ்," என்று போனை வைத்தார்.

மூன்று பேரும் கை தட்டினார்கள்.

"அது என் மனைவி இல்லை," என்றேன். "கீழ்வீட்டு ஆன்ட்டி. என் மனைவி இறந்துவிட்டாள்."

"அது எங்களுக்குத் தெரியும்," என்றார் விட்லாக். "கோப்பில் இருக்கிறது. துறையின் சார்பில் அனுதாப அட்டை அனுப்பினோம்."

அங்கேயே நான் உட்கார்ந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால், பெயரை அவர்களே திருத்திக்கொண்டிருப்பார்கள். உடுமலைப்பேட்டைக்குப் போன் போட்டுப் பட்டம் வந்துவிட்டது மாமா என்று சொல்லியிருக்கலாம். அவர் அடிக்குறிப்பைப் படிக்கப் போவதில்லை. அந்த ஆய்வேட்டை இனி யாருமே படிக்கப் போவதில்லை.

"அடிக்குறிப்பு கூடாது," என்றேன். "அவள் சம்மதிக்கவில்லை. வீட்டில் இல்லை என்றுதான் சொன்னாள். அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும். பட்டம் வேண்டாம்."

மேடம் தெலோர்ம் தலையை ஆட்டினார். "கதைகளில் மனைவி காலணியை ஒளித்து வைப்பாள். இங்கே கணவர்." அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வருடக் கருத்தரங்குக்கு உதவும் என்றார்.

அவர்கள் கலந்தாலோசிக்க என்னை வெளியே போகச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் நின்றேன். பலகையில் கீல் இன்னும் காலியாகத்தான் இருந்தது. உள்ளே விதிப்புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கூப்பிட்டார்கள்.

"தீர்ப்பு தெளிவானது," என்றார் விட்லாக். "அடிக்குறிப்போடு கூடிய ஆய்வேட்டுக்கு ஒரு மாணவர் குரல் வழியாகச் சம்மதம் தந்து, எல்லாக் கேள்விகளுக்கும் பதிலும் சொல்லியிருக்கிறார். அந்த ஆய்வேடு அவருடையது. அவர் தேர்ச்சி பெற்றார். அடிக்குறிப்பு இல்லாத ஆய்வேடு நிராகரிக்கப்படுகிறது. அதை நீங்கள் எடுத்துப் போகலாம்."

மேஜைமேல் கறுப்பு அட்டைப் பிரதி ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டேன். டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். அது ஆன்ட்டியுடையது.

அன்று ராத்திரி மாமாவுக்குப் போன் செய்தேன். உடுமலையில் விடிந்திருந்தது.

"பட்டம் வரலீங்க மாமா."



"பாப்பா எழுதுனது?"

"எங்கிட்ட இருக்குதுங்க."

"எழுதுனபடியே இருக்குதுங்களா? கை வெக்கலயே யாரும்?"

"இல்லீங்க மாமா. அப்படியே இருக்குது."

"அப்ப அத அனுப்பி வெச்சுருங்க," என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஊட்ல இருக்கட்டும்."

மறுநாளே அனுப்பினேன். அட்டைக்குள் ஒரு பக்கம்கூடக் கசங்காமல் துணியில் சுற்றித்தான் அனுப்பினேன்.

மே மாதக் கடைசியில் பர்வதம் ஆன்ட்டி மாடியேறி வந்தார். கையில் பெரிய உறை.

"என்னடா இது? கிரீன் கார்டுன்னு பிரிச்சா டாக்டர்னு போட்டிருக்கான்."

கனமான தாள். தங்க முத்திரை. டாக்டர் பர்வதம் வெங்கடகிருஷ்ணன், இடைக்காலப் பிரெஞ்சு இலக்கியம். எனக்குத் தெரிந்த அளவு விளக்கினேன். ஆன்ட்டி சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"இத வெச்சுண்டு டிப்போர்ட் பண்ணிடுவானா?"

"பண்ண மாட்டான், ஆன்ட்டி."

"நவநீத் ரெண்டு வருஷம் படிச்சுப் பாதில விட்டான். எனக்கு ஒரே போன்ல குடுத்துட்டான்." தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மடியில் கவிழ்த்து வைத்தார். குரல் இறங்கியது. "இது தாமரையோடது, இல்லையா?"

"இல்ல, ஆன்ட்டி. இது உங்களோடதுதான். அவளோடது ஊருக்குப் போயாச்சு."

"என்னமோ போ. டாக்டர்னு யாராவது கூப்பிட்டுக் கேட்டா சொல்லத் தெரியணுமோல்லியோ? அது என்ன ஓநாய் கதை, சொல்லு."

அதுவரை அந்தக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னேன். ஆறு, காலணி, முற்றத்து ஓரம், கல்லடி, மழை, திறந்து கிடந்த கதவு, அடுப்பு. நான் சொல்லச் சொல்ல ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"அவ்ளோதான். அது வீட்டுக்குப் போச்சு."

"இதுக்கா அந்தப் பொண்ணு அஞ்சு வருஷம் படிச்சா?"

"ஆமாம், ஆன்ட்டி."

ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தச் சமையல்காரி கதவத் திறந்து போட்டுட்டுப் போனாளே, அது எதுக்கு?"

"மறந்துபோய்த்தான்."

"மறந்துபோயா? தெனம் சாயங்காலம் வந்து உக்காந்திண்டிருக்கு, கல்லடி பட்டிண்டு. மழை வேற. அவ மறப்பாளா?" உறைக்குள் தாளைத் திரும்ப நுழைத்தார். "போடா. தெரிஞ்சேதான் திறந்து வெச்சிருக்கா."

 தாமரை இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

"டாக்டர் சொன்னா சரி," என்றேன்.